சக்கைத் தட்டு, பாக்குமட்டைத் தட்டு: ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்ப எந்தெந்த ரிப்போர்ட் வேண்டும்?

கெடிலக்கரை (கடலூர்) கேட்டது:

வணக்கம். கடலூர் சிப்காட் அருகே எங்கள் யூனிட். கரும்புச் சக்கைக் கூழில் வெள்ளைத் தட்டும் மூடி வைத்த சாப்பாட்டுப் பெட்டியும் அச்சடிக்கிறோம். ஆத்தூர் பக்கமிருந்து மட்டை வாங்கிப் பாக்குமட்டைத் தட்டும் அழுத்துகிறோம். ஹாம்பர்க்கில் ஒருவரும் நியூ ஜெர்சியில் ஒருவரும் சாம்பிள் பார்த்துவிட்டு ஆர்டர் தரத் தயாராக இருக்கிறார்கள்.

ஜெர்மனிக்காரர் கேட்பது உணவுத் தொடர்பு உறுதிமொழி, பிஃபாஸ் (எண்ணெய் ஊறாமலிருக்கப் போடும் ஃபுளோரின் கெமிக்கல்கள்) ரிப்போர்ட், ஈ.என். 13432 (மட்கும் பொட்டலத்துக்கான ஐரோப்பியத் தரநிலை) சான்றிதழ். அமெரிக்கக்காரர் 'எஃப்.டி.ஏ. சர்டிபிகேட்' (அங்குள்ள உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் சான்று) என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எங்களிடம் இருப்பது கூழ் சப்ளையர் தந்த கம்போஸ்டபிள் சான்றிதழ் நகலும் ஒரு ஹெவி மெட்டல் ரிப்போர்ட்டும்தான். இவை செல்லுமா? எண்ணெய் கசியாமலிருக்க பி.எல்.ஏ. (சோளம் போன்றவற்றிலிருந்து செய்யும், மட்கும் வகை) ஃபிலிம் ஒட்டலாம் என்கிறார்கள், அது சரியா? ஐப்பசி, கார்த்திகையில் சரக்கு ஏற்ற வேண்டியிருக்கும், பூஞ்சை பிடிக்காமல் எப்படி அனுப்புவது? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சக்கைக்கூழ் (நெல்லிக்குப்பம்) பதில்:

கூழ் சப்ளையரின் சான்றிதழ் கூழுக்குத்தான், உங்கள் தட்டுக்கு அல்ல. அதில் நீங்கள் என்ன கலந்தீர்கள், எவ்வளவு தடிமனில் அழுத்தினீர்கள் என்பது அந்தச் சான்றிதழுக்குத் தெரியாது. வாங்குபவரிடம் அதை அனுப்பாதீர்கள். விவரம் தெரிந்தவர் பார்த்தால் அடுத்த தாளையும் நம்பமாட்டார்.

லேபுக்கு ஓடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தட்டுக்குள் போகும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள்: கூழ், வேறு நார் கலந்தால் அது, தண்ணீர் ஊறாமலிருக்கப் போடும் ஏ.கே.டி., எண்ணெய் தடுப்பான், ஈரத்தில் பிய்யாமலிருக்கப் போடும் ரெசின், நுரை அடக்கி, அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசுவது. ஒவ்வொன்றுக்கும் சப்ளையர் பெயர், நூறு கிலோ உலர்ந்த கூழுக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு, உணவுத் தொடர்புக்கு எந்த விதியின்படி தகுதி என்று சப்ளையர் கையெழுத்திட்ட கடிதம். 'ஃபுட் கிரேடு' என்று மட்டும் எழுதிய கடிதம் எதற்கும் உதவாது. ஐரோப்பாவுக்கானால் ஜெர்மனியின் பி.எஃப்.ஆர். (இடர் மதிப்பீட்டு நிறுவனம்) பரிந்துரை 36, அமெரிக்காவுக்கானால் 21 சி.எஃப்.ஆர். (அங்குள்ள மத்திய அரசு விதித் தொகுப்பு) 176.170, 176.180 என்று பிரிவைச் சொல்ல வேண்டும். கடிதம் தர மறுக்கும் சப்ளையரை அன்றே மாற்றிவிடுங்கள். பின்னால் லேபில் பிடிபடுவதற்கு இது எவ்வளவோ மலிவு.

ஐரோப்பாவில் சக்கைக் கூழுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. உணவைத் தொடும் எல்லாப் பொருளுக்குமான 1935/2004 விதியும், உற்பத்தி ஒழுங்கு பற்றிய 2023/2006 விதியும் பொருந்தும். முதல் விதியின் 3-ஆம் பிரிவுதான் அடிப்படை: தட்டிலிருந்து உணவுக்குப் போவது உடல்நலத்துக்குக் கேடு செய்யக்கூடாது, உணவின் தன்மையையோ மணம் சுவையையோ கெடுக்கக்கூடாது. அதை நிரூபிக்க எல்லோரும் காகிதத்துக்கான பி.எஃப்.ஆர். 36-ஐப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அந்தப் பரிந்துரையில் சக்கைத் தட்டு வழக்கமாக இடறும் இடம் குளோரோபுரோப்பனால் என்ற கேடான குளோரின் சேர்மங்கள். ஈரவலிமை ரெசின்களில் பல எபிகுளோரோஹைட்ரினிலிருந்து செய்யப்படுபவை. அதன் மிச்சம் தண்ணீரில் 3-எம்.சி.பி.டி. ஆகவும் 1,3-டி.சி.பி. ஆகவும் இறங்கும். நீர்ச்சாற்றில் முதலாவது லிட்டருக்கு 12 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது, இரண்டாவது 2 மைக்ரோகிராம் அளவில் தேடினாலும் தென்படக்கூடாது. மலிவான பழைய தலைமுறை ரெசின் போட்டால் இங்கே தோற்பீர்கள். ரெசின் அளவைக் குறையுங்கள், அல்லது குளோரின் மிச்சம் குறைந்த ரகம் கேளுங்கள். முடிந்தால் ரெசினே இல்லாமல் நாரை நன்றாக அடித்துக் கூழாக்கி வலிமை எடுங்கள்.

லேபில் இன்னொன்றைத் தெளிவாகப் பேசுங்கள். பிளாஸ்டிக்குக்குச் செய்வதுபோல அசிட்டிக் அமிலத்தில் ஊறவைத்தால் சக்கைத் தட்டு கரைந்து நாராகிவிடும், வரும் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. தட்டுக்குக் குளிர்நீர்ச் சாறு, சூடு நீர்ச் சாறு முறைகள் இருக்கின்றன, அவற்றைக் கேளுங்கள்.

பி.எல்.ஏ. ஒட்டாதீர்கள். ஐரோப்பிய ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் விதியில் (2019/904) பி.எல்.ஏ.வும் பிளாஸ்டிக்தான். மட்கும், சோளத்திலிருந்து வந்தது என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. பகுதியளவு பிளாஸ்டிக் இருந்தாலும் தட்டு தடை, அதுவும் 2021 ஜூலை 3 முதல். ஃபிலிம் இல்லாமல் தாராளமாக உள்ளே போகும் தட்டை, ஃபிலிம் ஒட்டி நாமே தடைப் பட்டியலில் சேர்ப்பதாகும்.

மணக்குள வீதி (புதுச்சேரி) பதில்:

மேலே சொன்னதில் பி.எல்.ஏ. பற்றி ஒரு திருத்தம். தடை என்பது தட்டுக்கு. மூடிவைத்த சாப்பாட்டுப் பெட்டியில் தடை செய்யப்பட்டது நுரைத்த பாலிஸ்டைரின் மட்டுமே. பி.எல்.ஏ. ஒட்டிய சக்கைப் பெட்டியைச் சட்டப்படி விற்கலாம். ஆனால் அது பிளாஸ்டிக் பெட்டி என்று கணக்காகும். ஜெர்மனியில் வாங்குபவர் ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் நிதிக்குப் பணம் கட்ட வேண்டும். உங்களுக்கோ பிளாஸ்டிக்குக்கான 10/2011 விதி வந்து ஒட்டிக்கொள்ளும்: ஃபிலிம் அடுக்கின் சேர்மானம் அந்த விதிக்கு உட்பட வேண்டும், அதற்கான இணக்க உறுதிமொழியும் கட்டாயம். போதாக்குறைக்கு, சாதாரண பி.எல்.ஏ. 60 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், சூடான குழம்புக்கு ஆகாது. அதனால் முடிவு என்னவோ சக்கைக்கூழ் சொன்னதுதான், ஒட்ட வேண்டாம். காரணம்தான் பெட்டிக்கு வேறு.

ஏ.கே.டி. போன்ற சேர்மானம் சிறிதளவு இருப்பதால் தட்டு பிளாஸ்டிக் ஆகிவிடாது, அந்தப் பயம் வேண்டாம்.

ஈ.என். 13432 விஷயம். ஆறு மாதத்தில் 90 சதவீதம் மட்க வேண்டும், 12 வாரத்தில் சிதைந்து 2 மி.மீ. சல்லடையில் தங்குவது உலர் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, மட்கிய உரத்தில் செடி நன்றாக வளர வேண்டும், உலோக வரம்பு தாண்டக்கூடாது. இதில் பலர் வீணாகப் பணம் கட்டும் இடம் ஒன்று உண்டு. வேதிமாற்றம் செய்யாத இயற்கைப் பொருளுக்கு, காகிதக் கூழ் உட்பட, மட்கும் தன்மைச் சோதனை தேவையில்லை என்று அந்தத் தரநிலையே சொல்கிறது. ஒவ்வொன்றும் 1 சதவீதத்துக்குக் கீழேயும் மொத்தம் 5 சதவீதத்துக்குள்ளும் இருக்கும் சேர்மானங்களுக்கும் அந்தச் சோதனை இல்லை. ஆகவே நீண்ட ஆறு மாதச் சோதனையைத் தவிர்க்க வழி இருக்கிறது. சிதைவுச் சோதனையும் வேதிப் பகுப்பாய்வும் கட்டாயம். விண்ணப்பத்தோடு நீங்கள் எழுதிய சேர்மானப் பட்டியலைக் கொடுத்தால்தான் சான்றளிப்பவர் இந்த விலக்கைத் தருவார். 'ரகசியம்' என்று மறைத்தால் முழுச் சோதனைதான்.

வெறும் லேப் ரிப்போர்ட் சான்றிதழ் ஆகாது. டூவ் ஆஸ்திரியா, டின் செர்ட்கோ மாதிரி அமைப்பு அதைப் பார்த்துப் பதிவெண் கொடுக்க வேண்டும். சோதித்த அதிகபட்சத் தடிமன் வரைக்கும்தான் சான்று செல்லும். ஆகவே உங்களிடம் உள்ளதிலேயே தடிமனான பெட்டியைச் சோதனைக்குக் கொடுங்கள், மெல்லிய தட்டு அதற்குள் அடங்கிவிடும். இங்கே கிண்டி சிப்பெட் போன்ற இடங்களில் மட்கும் சோதனை உண்டு. ஆனால் உங்கள் சான்றளிப்பவர் அந்த ரிப்போர்ட்டை ஏற்பாரா என்று எழுத்தில் வாங்கிய பிறகே சாம்பிள் அனுப்புங்கள்.

கம்போஸ்டபிள் சான்று இருந்தால் உணவுக்கும் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் நம் பக்கம் நிறைய. ஒன்று மண்ணில் என்ன ஆகிறது என்பது, மற்றொன்று சோற்றில் என்ன இறங்குகிறது என்பது. இரண்டையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும்.

துறைமுக வாசல் (சென்னை) பதில்:

அமெரிக்கா பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாக்குமட்டைத் தட்டை அமெரிக்காவுக்கு அனுப்பாதீர்கள். 2025 மே மாதம் எஃப்.டி.ஏ. பாக்குமட்டைப் பாத்திரங்கள் மீது இறக்குமதி எச்சரிக்கை போட்டது. பாக்கு மரத்தில் இயற்கையாகவே இருக்கும் அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் தட்டிலிருந்து உணவுக்குள் இறங்கலாம், அதற்கு அனுமதி இல்லை என்பது அவர்கள் நிலை. அரிகோலினை உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி வகையில் (புற்றுநோய் தரக்கூடும்) வைத்திருக்கிறது, பாக்கை முதல் வகையிலேயே (உறுதியாகத் தரும்). எச்சரிக்கையின் பொருள், பெட்டியைத் திறந்து பார்க்காமலே சரக்கை நிறுத்தலாம் என்பது. மட்டையை இரண்டு தரம் கழுவினோம், கெமிக்கலே சேர்க்கவில்லை என்ற வாதம் எடுபடாது, பிரச்சினை மட்டைக்குள்ளேயே இருக்கிறது. தட்டை 'அலங்காரப் பொருள்' என்று எழுதி அனுப்பச் சொல்லும் ஏஜெண்டிடமிருந்து விலகியிருங்கள். பொய் விவரம் பிடிபட்டால் உங்கள் சக்கைத் தட்டும் சேர்ந்து மாட்டும்.

ஐரோப்பாவில் மட்டைக்கென்று தனி விதி இல்லை. ஆனால் அதே 3-ஆம் பிரிவு இருக்கிறது, அமெரிக்க எச்சரிக்கைக்குப் பிறகு வாங்குபவர்கள் ஆல்கலாய்டு ரிப்போர்ட் கேட்பது நியாயம்தான். கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள்.

'எஃப்.டி.ஏ. சர்டிபிகேட்' என்று ஒன்று இல்லை. தட்டுக்கு எஃப்.டி.ஏ. சான்றிதழ் தருவதில்லை. உணவுத் தொடர்புப் பொருள் செய்யும் ஆலைக்கு உணவு ஆலைப் பதிவும் தேவையில்லை, முன்னறிவிப்பும் தேவையில்லை. அழகான முத்திரையோடு 'எஃப்.டி.ஏ. பதிவுச் சான்று' விற்பவர்களிடம் பணத்தைக் கொட்டாதீர்கள். வாங்குபவருக்குத் தேவை உங்கள் லெட்டர்ஹெட்டில் ஓர் உறுதிக் கடிதம்: இன்ன பொருள், இன்ன சேர்மானம், ஒவ்வொன்றும் 21 சி.எஃப்.ஆரில் இன்ன பிரிவு, எந்த உணவுக்கு, எந்தச் சூட்டுக்கு. கூடவே 176.170 படி எடுத்த சாறு ரிப்போர்ட்.

பிஃபாஸ் விஷயத்தில் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். கலிபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல் மொத்த கரிம ஃபுளோரின் 100 பிபிஎம் (கிலோவுக்கு 100 மி.கி.) அல்லது அதற்கு மேல் இருந்தால் நார்ப் பொட்டலம் விற்க முடியாது, வேண்டுமென்றே பிஃபாஸ் சேர்த்திருந்தாலும் முடியாது. வாங்குபவர் நியூ ஜெர்சிக்காரர் என்றாலும் அவர் எந்த மாநிலத்தில் விற்பார் என்று உங்களுக்குத் தெரியாது, கடுமையானதற்கே தயாராகுங்கள். பி.பி.ஐ. முத்திரை (அமெரிக்காவில் மட்கும் பொருளுக்குத் தருவது) வேண்டுமென்றாலும் இதே 100 தான். பாக்கெட்டில் 'பயோடிகிரேடபிள்' என்ற சொல்லே வேண்டாம். கலிபோர்னியாவில் அது தடை, மற்ற இடங்களிலும் வழக்கமாகக் குப்பை போகும் இடத்தில் ஓராண்டுக்குள் முழுவதும் மட்கும் என்று காட்ட முடியாதவர் அப்படி எழுதக்கூடாது. அங்கே குப்பை போவது நிலநிரப்பலுக்கு, அதில் தட்டு ஓராண்டில் முழுவதும் மட்காது.

கெடிலக்கரை:

மூவருக்கும் நன்றி. மட்டையை உள்ளூரோடு நிறுத்திக்கொள்கிறோம். ஃபுளோரின் ஸ்கிரீனிங் செய்து பார்த்தோம், கிலோவுக்கு 68 மி.கி. என்று வந்திருக்கிறது. எண்ணெய் தடுப்பானை ஃபுளோரின் இல்லாத ரகத்துக்கு மாற்றியாகிவிட்டது. பிறகு எங்கிருந்து வருகிறது? கலிபோர்னியாவின் 100-க்குக் கீழே இருப்பதால் இதோடு விடலாமா?

சக்கைக்கூழ்:

விடக்கூடாது. ஐரோப்பாவின் புதிய பொட்டலச் சட்டம் 2025/40, 2026 ஆகஸ்ட் 12 முதல் அமலாகிறது. உணவைத் தொடும் பொட்டலத்தில் மூன்று வரம்பு: தனித்தனி பிஃபாஸ் ஒவ்வொன்றும் 25 பிபிபி (கிலோவுக்கு 25 மைக்ரோகிராம்), தேடி அளக்கக்கூடியவற்றின் கூட்டுத்தொகை 250 பிபிபி, பாலிமர் வகையும் சேர்த்து 50 பிபிஎம். மொத்த ஃபுளோரின் 50 மி.கி.யைத் தாண்டினால், அது பிஃபாஸா இல்லையா என்று நீங்கள் ஆதாரம் காட்ட வேண்டும். உங்கள் 68 அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. ஓட்டலில் உணவு நிரப்பிக் கொடுக்கும் தட்டும் இந்தச் சட்டத்தில் பொட்டலம்தான்.

எங்கிருந்து வருகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ஓரம் வெட்டிய கழிவும் உடைந்த தட்டும். பழைய எண்ணெய் தடுப்பான் போட்ட கழிவு இன்னும் குவிந்திருந்து, அதைப் பல்பரில் (கூழ் கரைக்கும் தொட்டி) கரைத்துத் திரும்ப விட்டால் புதுத் தட்டிலும் ஃபுளோரின் ஏறும். அடுத்தது சுழற்சி நீர்த் தொட்டி. நீரை மாற்றாமல் மேலே மட்டும் நிரப்பிக்கொண்டிருந்தால் தொட்டிச் சுவர், பைப், டோசிங் பம்ப் எல்லாவற்றிலும் பழசு ஒட்டியிருக்கும். மூன்றாவது வெளியில் வாங்கும் கூழ். நான்காவது டால்க், களிமண் போன்ற நிரப்பி. அதில் வருவது கனிம ஃபுளோரைடு, பிஃபாஸ் அல்ல.

பிரித்துப் பார்க்க இப்படிச் செய்யுங்கள். உலர்ந்த கூழ்ப் பலகை, சுழற்சி நீர், புது எண்ணெய் தடுப்பான், ஏ.கே.டி., முடிந்த தட்டு என ஐந்து சாம்பிள். எல்லாவற்றையும் கம்பஷன் அயன் குரோமடோகிராபி முறையில் (சாம்பிளை எரித்து ஃபுளோரினை அளப்பது) அளக்கச் சொல்லுங்கள். லேபின் என்.ஏ.பி.எல். (லேப்களை அங்கீகரிக்கும் இந்திய வாரியம்) அங்கீகாரத்தில் இந்த முறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளக்க முடிந்த குறைந்தபட்ச அளவு 10-20 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே தெரியாத கருவியில் 'இல்லை' என்று வந்தால் அது ரிப்போர்ட்டே அல்ல. தட்டில் மட்டும் கனிம ஃபுளோரைடைத் தனியாக அளந்து கழியுங்கள். மிச்சம்தான் கரிம ஃபுளோரின், உங்கள் கவலை அதில்தான்.

கழிவுதான் காரணம் என்றால் பழைய குவியலை முழுவதும் லைனிலிருந்து விலக்குங்கள். தொட்டியைக் காலி செய்து கழுவி, டோசிங் லைன்களை மாற்றி, புது நீரில் ஓட்டி, முதலில் வரும் தட்டுகளையும் ஏற்றுமதியில் சேர்க்காமல், அதற்குப் பின் வரும் பேட்சில் சாம்பிள் எடுங்கள். அந்த பேட்ச் எண்தான் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும், அதே கலவையில்தான் கண்டெய்னர் போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஏ.கே.டி. தண்ணீரைத்தான் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. ஃபுளோரின் இல்லாத தடுப்பான்கள் கொதிக்கும் எண்ணெயைப் பழைய கெமிக்கல் அளவுக்குத் தாங்குவதில்லை. வாங்குபவரின் ஸ்பெக் பழைய காலத்தது என்றால் திருத்தச் சொல்லுங்கள். என்ன உணவு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஏ.கே.டி. முழுதாகப் பிடிக்கச் சூடும் நேரமும் வேண்டும். அச்சிலிருந்து வந்த சூட்டோடு சோதித்து 'கசிகிறது' என்று அளவைக் கூட்டாதீர்கள்.

கூழில் வலிமைக்காக மரக்கூழ் கலக்கிறீர்களா? கலந்தால் ஐரோப்பிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் உள்ளே வரும், அந்த மரம் வளர்ந்த நிலத்தின் ஆயத்தொலைவு வரை கேட்பார்கள். அமலாகும் தேதியை இரண்டு முறை தள்ளிவைத்திருக்கிறார்கள் என்றாலும் சட்டம் நிற்கிறது. நூறு சதவீதம் சக்கை என்றால் அந்தச் சுமையே இல்லை. நம் பகுதி கரும்புப் பூமி, அந்தச் சாதகத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

துறைமுக வாசல்:

ஐப்பசிச் சரக்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பூஞ்சைக்குக் காரணம் பெரும்பாலும் கடல் பயணமல்ல, ஏற்றும் நாள். மழைக்காற்றில் தட்டு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கண்டெய்னருக்குள் பகலில் அந்த ஈரம் வெளியேறும், இரவில் கூரை குளிர்ந்து சொட்டும், மேல் வரிசை அட்டைப் பெட்டி நனையும். அச்சிலிருந்து வந்த தட்டை ஆறவைத்து உடனே பையில் கட்டுங்கள், ஷெட்டில் திறந்து அடுக்காதீர்கள். அட்டைப் பெட்டிகளையும் உலர்ந்த அறையில் வையுங்கள், ஈரத்தைச் சுமந்து வருவது பல நேரம் அட்டைதான். கண்டெய்னர் வந்ததும் உள்ளே நின்று கதவைச் சாத்தி எங்காவது வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தரைப் பலகை ஈரமாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். கால்சியம் குளோரைடு ஈரம் உறிஞ்சிகளைப் பக்கச் சுவரில் தொங்கவிடுங்கள், மேல் வரிசையின்மேல் கிராஃப்ட் தாள் விரியுங்கள். மழை பெய்யும்போது ஏற்ற வேண்டாம். சென்னையில் கப்பல் கட்-ஆஃப் நெருங்கினாலும் அடுத்த கப்பல் உண்டு.

மரப் பாலெட் போட்டால் ஐ.எஸ்.பி.எம். 15 (மரத்தில் பூச்சி பரவாமல் தடுக்கும் உலகத் தரநிலை) முத்திரை வேண்டும்: மரத்தின் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாகியிருக்க வேண்டும், கோதுமைக்கதிர்ச் சின்னமும் 'எச்.டி.' குறியும் தெரிய வேண்டும். பாலெட் இல்லாமல் தரையிலிருந்தே அடுக்கினால் சரக்கும் கூட ஏறும். தட்டு எடையைவிட இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் முட்டுக் கொடுக்கும் மரக்கட்டைக்கும் அதே விதி, அதை மறந்து மாட்டுகிறவர்கள் உண்டு.

சக்கைக் கூழ் அச்சுப் பொருளுக்கு எச்.எஸ். (சுங்க வகைப்பாட்டு எண்) 4823 70. 48-ஆம் அத்தியாயத்துக்கு ஐரோப்பாவில் சுங்கவரி பூஜ்யம் என்பதால் சலுகை மூலச் சான்றுக்கு அலைய வேண்டாம். அமெரிக்காவுக்கானால் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே இறக்குமதியாளர் பாதுகாப்பு விவரம் தாக்கல் செய்தாக வேண்டும். அதற்கான விவரத்தை நீங்கள் முன்கூட்டியே தராவிட்டால் அபராதம் அவர் தலையில் விழும், அடுத்த ஆர்டர் வராது. சில்லறைப் பாக்கெட்டில் 'மேட் இன் இந்தியா' இருக்கட்டும்.

கெடிலக்கரை:

கழிவுக் குவியல்தான் என்று நினைக்கிறேன், பழசு இன்னும் கிடக்கிறது. இன்றே விலக்கச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று: ஜெர்மனிக்கான பெட்டியில் என்ன அச்சடிக்க வேண்டும்?

மணக்குள வீதி:

பேட்ச் எண், உங்கள் பெயர் முகவரி, இறக்குமதியாளர் பெயர் முகவரி. கோப்பையும் முட்கரண்டியும் உள்ள உணவுத் தொடர்புச் சின்னம் போடலாம், தட்டு என்று பார்த்தாலே தெரிவதால் கட்டாயமில்லை. பேட்ச் எண்ணிலிருந்து கூழ் லாட்டும் கெமிக்கல் லாட்டும் உங்கள் பதிவேட்டில் கிடைக்க வேண்டும், 1935/2004-இன் 17-ஆம் பிரிவு கேட்பது அதைத்தான். புதிய பொட்டலச் சட்டப்படி தொழில்நுட்ப ஆவணமும் இணக்க உறுதிமொழியும் ஒருமுறைப் பொட்டலத்துக்கு ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஈயம், காட்மியம், பாதரசம், ஆறிணைதிறக் குரோமியம் நான்கும் சேர்ந்து கிலோவுக்கு 100 மி.கி.க்குள் என்ற கணக்கும் அந்த ஆவணத்தில் வரும். கையில் இருக்கும் ஹெவி மெட்டல் ரிப்போர்ட்டில் நான்கும் இருக்கின்றனவா, தட்டின் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபுளோரின் சாம்பிளோடு சேர்த்தே திரும்ப எடுத்துவிடுங்கள்.

'ஈகோ ஃபிரெண்ட்லி', 'பயோடிகிரேடபிள்' என்ற சொற்களை ஜெர்மனிப் பெட்டியிலும் விட்டுவிடுங்கள். 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரமில்லாத பொதுப்படையான பசுமைச் சொற்களை ஐரோப்பா முழுதும் தடை செய்யும் விதி அமலாகிறது. சான்றிதழ் வந்த பிறகு அதன் சின்னத்தையும் பதிவெண்ணையும் போடுங்கள். அது வரும்வரை 'கரும்புச் சக்கைக் கூழால் ஆனது' என்று ஜெர்மன் மொழியில் எழுதினால் போதும். மைக்ரோவேவ் குறியும், அடுப்பில் வைக்கலாம் என்ற குறியும் அந்தச் சூட்டுக்கான சோதனை முடிந்த பிறகுதான். லூசிட் (ஜெர்மனியின் பொட்டலப் பதிவேடு) பதிவு ஜெர்மனிக்காரர் வேலை. அவர் எண்ணை இன்வாய்ஸ் போடும் முன் கேட்டு ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.